தூலாவில் செய்த ரிப்பன் மைக்

துடும்பு மேளக் குழுவை முன்னால் நிறுத்தி அடிக்கச் சொன்னால் எந்த மைக்கின் குணமும் தெரிந்துவிடும். கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் குச்சியின் சத்தம் காதைக் கிழிக்கும். என் எம்.எல்-19ஐ நன்றாகத் தள்ளி வைத்தால் தோலின் கனம் கேட்கும். சோவியத் காலத்து ரிப்பன் மைக் அது. தூலா நகரின் ஆக்டாவா ஆலையில் செய்தது. தொண்டாமுத்தூரில் பாக்குத் தோப்புக்கு நடுவே நான் நடத்தும் பதிவு அறையில் நாதஸ்வரத்துக்கும் அதையே வைக்கிறேன். சீவாளியின் கூர்மையை அது பதமாக்கித் தரும்.

உள்ளே இருப்பது காந்தத் துருவங்களுக்கு நடுவே தொங்கும், மடிப்பு வைத்த அலுமினிய இழை. தடிமன் சில மைக்ரான்தான். காற்று அசைந்தால் இழை அசையும், அதிலேயே மின்சாரம் பிறக்கும். முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு. 1920களில் ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் கண்டுபிடித்ததை, 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி ஓல்சன் வானொலி நிலையங்களுக்கு ஏற்ற கருவியாக்கினார்.

தூலா இரும்பு ஊர். 1712இல் மகா பீட்டர் ஆயுத ஆலை நிறுவிய இடம். சமோவாருக்கும் பேர் போனது. ஆக்டாவா அங்கே 1927இல் தொடங்கியது. லேத்தும் ஃபவுண்டரியும் மோட்டார் பம்புமாக வளர்ந்த கோயம்புத்தூரில் இருப்பவனுக்கு அந்த ஊரோடு ஒட்டுதல் வராமல் இருக்குமா? ஆனால் ரிப்பன் மைக்குக்கு இரும்புத்தூளைப் போல எதிரி வேறில்லை. காந்தம் தூளை இழுத்துக்கொள்ளும். இழை அதில் உரசினால் ஒலி கெட்டது. அதனால் ஒயர் பற்றவைக்கும் சின்ன வேலைக்குக்கூட என் மைக்கைப் பட்டறைப் பக்கம் கொண்டுபோவதில்லை.

இன்னொரு எதிரி காற்று. ஒரு ஊதல் போதும், இழை தொய்ந்துவிடும். ரிப்பன் மைக் நான்கு சுவருக்குள் இருக்க வேண்டிய பொருள். கொங்கு நாட்டுக் கலையோ கோயில் திடலிலும் களத்துமேட்டிலும் வளர்ந்தது. வானொலிக்குப் பாட வேண்டுமானால் கலைஞர்தான் அறையைத் தேடிப் போக வேண்டும். திருச்சி நிலையம் 1939இல் வந்தது, கோவை நிலையம் 1966இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு, காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக், கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை டேப்பில் பதிவு செய்தார். 18 இரவுகள், 38 மணி நேரம். கனடா நாட்டு மானுடவியலாளர் அவர். ஊருக்கே போய், பாடகர் பாடும் போக்கிலேயே முழுக் கதையையும் எடுத்தார். நம் பக்கத்து ஒலிப்பதிவுகளில் எனக்கு அதைவிடப் பெரியது இல்லை.

அந்தக் கதையைப் பாடும் உடுக்கையடிக் கலைஞர்கள் என் அறைக்கு வரும்போது மைக்கின் ஒரு பக்கம் பாடுபவர், எதிர்ப்பக்கம் பின்பாட்டுக்காரர் என உட்கார வைக்கிறேன். இருவரும் முகம் பார்த்துப் பாடலாம். மின்விசிறியை நிறுத்திவிடுவோம்.

பழைய சோவியத் மைக்குகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. தினமும் செய்தி வாசிக்கவும் பாட்டுப் பதியவும் உழைத்த கருவிகள் அவை. ஆக்டாவாவின் பழைய ஆலைக் கட்டடத்தில் 2018 முதல் லேத் போன்ற பட்டறை இயந்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. லேத்துகள் அங்கே ஓய்வெடுக்கட்டும். மைக்குக்கு இங்கே வேலை இருக்கிறது. மாசி பிறந்தால் துடும்புக் குழு வரும்.