அகத்தே மூளும் தீ

அறபு மொழியில் ‘லஹப்’ என்றால் தீச்சுவாலை. காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, வெப்பமேறி வலியெடுக்கும் நிலையை இக்கால அறபு மருத்துவர்கள் ‘இல்திஹாப்’ என்பர். அந்த வேரில் கிளைத்த சொல் அது. தமிழில் அதற்கு அழற்சி என்று பெயர். அழல் என்பதும் தீயே. இலத்தீன் வழிவந்த ஐரோப்பியச் சொல்லுக்கும் தீ மூட்டுதல் என்பதே பொருள். மூன்று மொழிகளும் ஒரே உவமையில் வந்து சேர்ந்திருப்பது சிந்தனைக்குரியது. ஏனெனில், தீயில் வெந்த உடலில் அவ்வுவமை மெய்யாகவே பலித்துவிடுகிறது. புறத்தீ அணைந்த பின்னர் அகத்தே வேறொரு தீ மூள்கிறது. புறத்தீக்குத் தப்பியவரைப் பின்னர் மாய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் தீயின் விளைவுகளே. இதனை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு நெடியது.

செம்மை, வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கு அடையாளங்களையும் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே உரோமானியரான செல்சஸ் எழுதி வைத்தார். குர்துபாவின் அருகே வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (மறைவு சுமார் 1013) ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பகுதிகள் கொண்ட பெருநூலை இயற்றினார். அதன் இறுதிப் பகுதியில் சூட்டுக்கோல் சிகிச்சைக்கென்றே தனியொரு பாகம் ஒதுக்கி, கருவிகளின் படங்களையும் வரைந்து காட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அப்பகுதியை ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் பயின்றனர். சூடு என்பது அக்காலத்தில் மருந்தாகவும் கருதப்பட்டது.

ஆயினும் அளவு மீறிய சூடு செய்யும் கேட்டை ஒரு போர்க்களம் காட்டிற்று. 1537ஆம் ஆண்டளவில் தூரின் நகர முற்றுகையின்போது, குண்டுக் காயங்களில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவதே வழக்கமாக இருந்தது. எண்ணெய் தீர்ந்துபோகவே, பிரெஞ்சு மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே முட்டைக் கருவும் பன்னீர்ப்பூத் தைலமும் டர்ப்பன்டைனும் கலந்து பூசினார். மறுநாட் காலையில் பார்த்தபோது, கொதியெண்ணெய் பெற்றவர்கள் காய்ச்சலும் வீக்கமும் கண்டு துடித்தனர். மற்றவர்கள் அமைதியாக உறங்கி எழுந்திருந்தனர். பின்னர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ஹண்டர், அழற்சி நோயன்று, காயத்தை ஆற்ற உடல் மேற்கொள்ளும் முயற்சியே என்று நிறுவ முயன்றார். அவர் மறைந்த பின் 1794இல் அந்நூல் வெளிவந்தது.

அம்முயற்சியை மேற்கொள்ளும் படையினர் யாவர்? 1882இல் ருஷ்ய அறிஞர் மெக்னிகோவ், சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் அம்முள்ளை உயிரணுக்கள் கூட்டமாகச் சூழ்ந்து நின்றதை உருப்பெருக்கியில் கண்டார். நம் குருதியிலும் அத்தகைய விழுங்கணுக்கள் உண்டென்று விளக்கிய அவர் 1908இல் நோபெல் பரிசு பெற்றார்.

சிறு முள்ளுக்கு இப்படை போதுமானது, நன்மையே செய்கிறது. பெருந்தீக்காயத்திலோ நிலைமை வேறு. வயதுவந்த ஒருவரின் தோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆழமாக வெந்துவிட்டால், படை காயத்தோடு நில்லாமல் உடல் முழுதும் பரவுகிறது. நுண்குழாய்கள் எங்கும் கசிந்து, குருதியின் நீர் வெளியேறிச் சதையில் தேங்குகிறது. நாடி தளர்கிறது, சிறுநீர் குறைகிறது, தீ தொடாத நுரையீரலும் சிறுநீரகமும் நலிகின்றன.

கிருமி எதுவும் புகாதபோதே படை இவ்வளவு கொதிப்பதேன்? 2010இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதற்கு விடையொன்று கூறினர். நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் ஆதியில் பாக்டீரியா இனத்திலிருந்து வந்தவை. கடுங்காயத்தில் உயிரணுக்கள் உடையும்போது அவற்றின் சிதறல்கள் குருதியில் கலக்கின்றன. காவற்படை அவற்றைப் பகைக்கிருமி எனக் கொண்டு போர் தொடுக்கிறது. வீட்டாரையே கள்வரெனப் பிடிக்கும் காவலரின் நிலை இது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. படை கொதித்தெழும் அதே வேளையில், குறிப்பிட்ட கிருமியை இனங்கண்டு வெல்லும் பயிற்சிபெற்ற வெள்ளணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. முதலில் கொதிப்பு, பின்னரே சோர்வு என்று முன்னர் எண்ணினர். 2011இல் வெளிவந்த மரபணு ஆய்வு இரண்டும் ஒருங்கே நிகழ்வதைக் காட்டியது. தோல் என்னும் மதிலும் வீழ்ந்து, உள்ளிருக்கும் சேனையும் தளர்ந்த அந்நாட்களில்தான் சீழ்க்கிருமிகள் புகுந்து குருதியை நஞ்சாக்குகின்றன.

லெபனான் வழிவந்த தந்தைக்குப் பிறந்த பீட்டர் மெடவார் இதன் மற்றொரு பக்கத்தை ஆராய்ந்தார். 1943இல் அவரும் கிப்சன் என்ற மருத்துவரும், கிளாஸ்கோ நகரில் தீக்காயமுற்ற பெண்ணொருத்திக்கு அவளுடைய சகோதரனின் தோலை ஒட்டினர். ஒட்டிய தோல் சில நாட்களில் அழிந்தது. மறுமுறை ஒட்டியதோ முன்னினும் விரைவில் அழிந்தது. உடல் பிறர் தோலை அறிந்து நினைவில் வைத்துத் தள்ளுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. உறுப்பு மாற்றச் சிகிச்சைக்கே வழிகாட்டிய இவ்வாராய்ச்சித் துறையில் அவர் 1960இல் நோபெல் பரிசு பெற்றார். பெருந்தீக்காயத்தில் காவற்படை சோர்ந்திருப்பதால் பிறர் தோல் சற்று நீண்ட நாள் தங்குகிறது. இறந்தோர் ஈந்த தோல் இவ்வாறே தற்காலிக மதிலாகி உயிர் காக்கிறது. வெந்து மடிந்த தோலை நாட்கடத்தாமல் சீவி நீக்கி அவ்விடத்தை மூடிவிட வேண்டும் என்ற முறையை, யூகோஸ்லாவியாவின் மரிபோர் நகரில் பணியாற்றிய சோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர் 1970இல் உலகறியச் செய்தார். இரண்டாம் தீக்கு விறகாவது அந்த மடிந்த தோலே.

இவ்வரலாற்றுக்கும் நமக்கும் தொடர்பென்ன? குமணன்சாவடியிலோ பூவிருந்தவல்லியிலோ ஒரு வீட்டில் அடுப்புத்தீ சேலையைப் பற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலப்பன்சாவடி, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை என நெடுஞ்சாலை வழியே கிழக்கே சென்றால், தீக்காயச் சிகிச்சைக்குப் பேர்பெற்ற கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது. 1960இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது அது. ஆனால் அகத்தீ அச்சாலையின் நெரிசலுக்காகக் காத்திருப்பதில்லை. 1968இல் டல்லாஸ் நகர மருத்துவர் பாக்ஸ்டர் வகுத்த கணக்கின்படி, 50 கிலோ எடையுள்ளவருக்கு 30 விழுக்காடு வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 6 லிட்டர் நீர்மம் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். அதிற் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். இன்று பலர் இதனினும் குறைத்துத் தொடங்கி, சிறுநீரின் அளவு கண்டு கூட்டுவர். எவ்வாறாயினும் அந்த 8 மணி நேரம் மருத்துவமனை வாயிலை மிதித்தபோது தொடங்குவதன்று. தீப்பட்ட கணத்தில் தொடங்குவது.

ஆகவே பற்பசை, மை, மாவு என்று தேடிப் பூசி நேரத்தைப் போக்கலாகாது. ஒட்டாத துணியையும் நகையையும் அகற்றி, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் வெந்த இடத்தைக் குளிர்விக்க வேண்டும், பனிக்கட்டி கூடாது. பின்னர் தூய துணியால் மூடி, உடல் குளிர்ந்துவிடாமல் போர்த்தி, உடனே கொண்டு செல்ல வேண்டும். புறத்தீயை அணைத்தவர் பணி முடிந்தது என்று அமர்ந்துவிடக் கூடாது. அகத்தீ அப்போதுதான் மூளத் தொடங்குகிறது.