கள்ளுக்கடை வாசலில் நின்றவர்கள்



எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பழைய லயத்துக்கும் செம்பனைக்கும் இடையே ஒரு சிமெண்டுத் தரை கிடக்கிறது. கூரை இல்லை, சுவர் இல்லை. ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் அதன்மேல் கோலி விளையாடுகிறார்கள். 'இது என்ன இடம், சார்?' என்று ஒரு மாணவன் ஒருநாள் கேட்டான். 'இதுதான் அந்தக் காலத்துக் கள்ளுக்கடை' என்றேன். 'அதை யார் மூடினார்கள்?' என்று அடுத்த கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குரிய பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

கள் நமக்குப் புதியதன்று. திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் என்றால், அவர் காலத்திலேயே அது வீடுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்? ஆனால் மலாயாத் தோட்டத்துக் கள்ளுக்கடை வேறு வகையானது. ஊரில் கள்ளைத் தேடிக் குடிகாரன் போனான். இங்கே குடிகாரனைத் தேடிக் கள் வந்தது. அரசாங்கம் உரிமம் கொடுத்தது. தோட்ட நிலத்திலேயே கடை நின்றது. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரை நிரையாகப் பால் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, தோள் கடுக்க ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருகிற மனிதனுக்கு, வீட்டுக்குப் போகிற வழியிலேயே கடை திறந்திருந்தது. படிப்பகம் இல்லாத தோட்டத்திலும் கள்ளுக்கடை இருந்தது.

1920-களின் இறுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் நாள் ஒன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் குறைந்தது. அந்தச் சில காசுகளில்தான் அரிசி, உப்பு, துணி, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம். கள்ளுக்கடையில் போகிற ஒவ்வொரு காசும் ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து போன காசு. 'கள் உடம்புக்கு நல்லது. கடையை மூடினால் தொழிலாளர்கள் கள்ளச் சாராயத்துக்குப் போய்விடுவார்கள்' என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் வாதாடினார்கள். அந்த வாதத்தில் ஒரு பாதி உண்மை இருந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

அப்படியானால் எதிர்ப்பு எங்கிருந்து பிறந்தது? 1921-ஆம் ஆண்டு ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. அன்று காங்கிரசில் இருந்த ஈ.வெ.ராமசாமி அவர்கள் தமது தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றார்கள். பெண்கள் கடை வாசலில் வந்து நிற்பது அந்நாளில் பெரிய செய்தி. அதே பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார். பல ஊர்களில் சுயமரியாதை பற்றிப் பேசினார். கடை வாசலில் கூட்டமாக நின்று, உள்ளே போகிறவனைக் கேட்டுத் திருப்பும் முறை நம் மக்களுக்கு இவ்வாறு அறிமுகமாயிற்று.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்.எச்.நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். வெள்ளைத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கவனியுங்கள், நேயர்களே! கூலி கேட்ட அதே வாயால், அந்தக் கூலியை விழுங்கும் கடையை மூடச் சொல்லியும் கேட்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. தங்கள் நோய் எது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டுப் பிறகு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். கள்ளுக்கடைகள் அப்படியே இருந்தன.

பிறகு ஜப்பானியர் ஆட்சி, பஞ்சம், சயாம் மரண ரயில் பாதை. நம் மக்களில் எத்தனையோ பேர் போனவர்கள் போனவர்களே. மிஞ்சியவர்களில் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் அணிவகுத்து நடந்து, தலை நிமிரக் கற்றுக்கொண்டவர்கள். போர் முடிந்து பால்மரத்துக்குத் திரும்பிய அவர்களுக்குப் பழையபடி கூனி நிற்க மனமில்லை.

அந்த நேரத்தில்தான் கெடா மாநிலத்தில், பீடோங்குக்கு அருகிலுள்ள ஹார்வார்ட் தோட்டத்தில், ஏ.எம்.சாமி என்பவர் தலைமையில் 'தொண்டர் படை' எழுந்தது. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் அது பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. இளைஞர்கள் அணி சேர்ந்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடியை விட்ட குடும்பமே மானமுள்ள குடும்பம் என்று பேசினார்கள். தோட்ட நிர்வாகங்களும் காவல்துறையும் இதை நல்லெண்ணத்தோடு பார்க்கவில்லை. கள்ளுக்கு எதிராகத் திரண்டவன் நாளைக்குக் கூலிக்கும் திரள்வான் அல்லவா? 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் போலீசாருக்கும் தொழிலாளருக்கும் மோதல் மூண்டது; தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அடுத்து புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் டப்ளின் தோட்டத்திலும் மோதல்கள் நிகழ்ந்தன. பலர் சிறை சென்றனர். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்ததும் கூட்டம் கூடுவதே ஆபத்தாயிற்று. தொண்டர் படை கலைந்தது.

இதுவரை நான் சொன்னவை நூல்களில் இருப்பவை. இனி என் பாட்டி சொன்னதைச் சொல்கிறேன்.

என் தாத்தா அப்போது கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார், நல்ல குடிகாரர். தொண்டர் படையில் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், தாத்தாவுக்கு அண்ணன் முறை. அவர் தாத்தாவை அடிக்கவில்லை, திட்டவில்லை. கடை திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து வாசலில் நிற்பாராம். 'தம்பி, வா, ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம்' என்பாராம். அவரும் முன்னாள் குடிகாரர்தான். இருவரும் போய், இருட்டிய பிறகு திரும்புவார்கள். கடை மூடியிருக்கும். 'அந்த ஒன்றரை வருடம் தான் நான் வாழ்ந்த காலம்' என்று பாட்டி சொல்லுவார். பிறகு படை கலைந்தது. அந்த அண்ணனும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த சம்பளத்தன்று தாத்தா மறுபடியும் கடைக்குப் போனார்.

இந்தக் கதையை நான் சிறுவனாக இருந்தபோது, தாத்தாவின் மன உறுதி போதவில்லை என்றுதான் புரிந்துகொண்டேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் வேறொரு வரலாற்றைப் படித்தபோதுதான் என் கணக்குத் தவறு என்று தெரிந்தது.

அந்த வரலாறு நடந்த இடம் அமெரிக்காவிலுள்ள ஆக்ரன் என்னும் நகரம். அந்நாளில் மோட்டார் டயர்களின் தலைநகரம் அது. மலாயா ரப்பரில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போன காலம். நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய பால் அங்கே டயராக உருண்டது. 1935 மே மாதம், ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனி விவகாரமாக நியூயார்க்கிலிருந்து அங்கே வந்த பில் வில்சன் என்பவருக்குக் காரியம் தோற்றுப்போயிற்று. அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி கேட்டது. உள்ளே போனால் மீள முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர் தொலைபேசியை எடுத்தார். தம்மைப்போல் குடியால் வதைபடும் ஒருவர் இந்த ஊரில் இருந்தால் நான் அவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு நிகழ்ந்தது ஹென்ரியேட்டா சைபர்லிங் என்ற அம்மையாரின் வீட்டில். அவருடைய மாமனார் குட்இயர் டயர் கம்பெனியை நிறுவியவர். கால் மணி நேரம் மட்டுமே பேசுவேன் என்று வந்த மருத்துவர், இரவு வெகுநேரம் வரை பேசினார். இடையில் ஒரு முறை தவறினார். பிறகு 1935 ஜூன் 10-ஆம் நாள் கடைசியாகக் குடித்தார். அதன்பின் சாகும்வரை தொடவில்லை. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று உலகெங்கும் அறியப்படும் கூட்டுறவு அந்த நாளையே தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பில் வில்சன் அந்த மருத்துவருக்கு உதவி செய்யப் போகவில்லை. தம்மைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். மற்றவனைத் தாங்கிப் பிடித்தால்தான் நாம் விழாமல் நிற்போம் என்பதே அவர் கண்ட உண்மை. ஆற்றுக்கு அழைத்துப்போன அந்த அண்ணன் செய்ததும் அதுவே அல்லவா? அவரும் அந்த நேரத்தில் தனியாக இருந்திருந்தால் கடைக்குத்தான் போயிருப்பார். தாத்தாவுக்கு உறுதி இல்லாமல் போகவில்லை. துணை இல்லாமல் போயிற்று.

நேயர்களே, கள்ளுக்கடைகள் பிற்காலத்தில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அன்று அதிகாரிகள் சொன்ன பாதி உண்மை அப்போது பலித்தது. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு 4, 5 பங்குதான். சம்சுவிலோ அதைவிடப் பல மடங்கு. சின்னப் போத்தல், மலிந்த விலை, அன்று மளிகைக் கடையிலேயே கிடைத்தது. என் தந்தையார் அந்தப் போத்தலோடுதான் போனார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கடையை மூடினோம், மனிதனின் மாலை நேரத்தை நிரப்பவில்லை. வெறுமையாய் விட்ட வீட்டில் வேறொருவன் குடியேறிவிட்டான்.

இன்று நிலைமை என்ன? வேலை மாறியிருக்கிறது, உடம்பும் மாறியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய இருவரில் ஒருவர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர் என்று கண்டது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் எந்த வீட்டில் இல்லை? குடிக்கும் எடைக்கும் தொடர்பு உண்டு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் சாராயத்தில் 7 கலோரி. ஒரு பெரிய போத்தல் பீர், ஒரு கிண்ணம் சோற்றுக்குச் சற்று மேற்பட்டது. அதனோடு பொரித்த கோழி, நிலக்கடலை என்று துணைக்கு வருவன வேறு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவனல்லன், ஆனால் 94 கிலோ இருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்தோம். ஒரு லோரி ஓட்டுநர், ஒரு காவலாளி, இரண்டு அக்காமார், நான். இருவருக்குக் குடி, மூவருக்கு எடை. சனிக்கிழமை மாலை பள்ளித் திடலில் கூடுவோம். ஒரே தராசில் ஏறி, எண்ணை ஒரு நோட்டில் எழுதுவோம். குடியாத நாட்களையும் எழுதுவோம். பிறகு செம்பனைச் சாலையில் ஒரு மணி நேரம் நடப்போம். யாரும் யாரையும் கேலி செய்யக்கூடாது. ஒருவர் வராவிட்டால் மற்றவர் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். இவ்விரண்டே விதிகள். நான் 11 கிலோ இறங்கினேன். குடித்த இருவரில் ஒருவர் இன்றுவரை தொடவில்லை. மற்றவர் மூன்று முறை தவறினார். மூன்று முறையும் திரும்பி வந்தார். நாங்கள் அதைத் தோல்வி என்று நோட்டில் எழுதவில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவரை முதலில் அரசாங்க மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அழைத்துச் செல்வதும் துணையிருப்பதுதான்.

பெண்மணிகளுக்கு ஒரு சொல். கணவர் குடித்தால் அது உங்கள் குற்றமன்று. ஆனால் உங்கள் துன்பத்தைக் கதவுக்குள் பூட்டி வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள். ஈரோட்டில் கடை வாசலுக்கு வந்த பெண்கள் தனித்தனியாக வரவில்லை, சேர்ந்து வந்தார்கள்.

அந்த மாணவனின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். 'கள்ளுக்கடையை யார் மூடினார்கள்?' கதவை மூடியது காலம். ஆனால் கதவு திறந்திருந்தபோதே, அதற்குள் போகாமல் ஒருவரையொருவர் கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில்தான் நீ கோலி விளையாடுகிறாய்.

இன்று மாலை உங்கள் லயத்தில், உங்கள் வீட்டு வரிசையில், ஒருவர் வாசலில் போய் நில்லுங்கள். 'வா, கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்' என்று கூப்பிடுங்கள்.