தூதர் பதவி என்னும் நாடுகடத்தல்

அலெக்சாந்த்ரா கொலந்தாயை உலகின் முதல் பெண் தூதர் என்றே பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அந்த 'முதல்' சர்ச்சைக்குரியது. 1918-லேயே ஹங்கேரி அரசு ரோசிகா ஷ்விம்மரை ஸ்விட்சர்லாந்துக்குத் தூதராக நியமித்திருந்தது. அது போகட்டும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. கட்சிக்குள் இத்தனை பேசிய பெண்ணுக்கு ஏன் வெளிநாட்டு வேலை?

1917 புரட்சி அரசில் சமூகநலத் துறையின் மக்கள் ஆணையர் அவர். அந்த அவையில் ஒரே பெண். 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிதோவ்ஸ்க் ஒப்பந்தத்தை ஏற்காமல் விலகினார். 1920-இல் கட்சியின் பெண்கள் பிரிவுக்குத் தலைவர். 1921-இல் பத்தாவது காங்கிரஸ் கூடியபோது, ஷ்லியாப்னிகோவோடு 'தொழிலாளர் எதிர்ப்பணி'யில் நின்று பிரசுரம் எழுதினார். தொழிற்சாலையை நடத்துவது தொழிலாளியா, அவன் பெயரால் உத்தரவு போடும் அதிகாரியா? இவ்வளவுதான் அவர் கேட்டது. லெனின் கடுமையாகச் சாடினார். காங்கிரஸ் கோஷ்டிகளையே தடைசெய்தது. 1922-இல் பெண்கள் பிரிவுத் தலைமையும் பறிபோயிற்று.

அதே வருஷக் கடைசியில் நார்வே. ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி அவரே கேட்டுப் பெற்ற வேலை அது. அப்ப தண்டனை எப்படி ஆகும் என்று நண்பர்கள் கேட்கலாம். வீட்டில் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிட்டா பொண்ணு தானாகத்தான் பெட்டியைக் கட்டுவாள். அவளாத்தான் போனாள்னு பிறகு ஊருக்குச் சொல்லிக்கலாம்.

போன இடத்தில் வேலையைச் சுத்தமாகச் செய்தார். நார்வேயோடு மீன் வியாபாரம் பேசினார். 1924-இல் அந்நாடு சோவியத் அரசை அங்கீகரித்தது. 1926-இல் மெக்ஸிகோ, தன் மண் வழியாகப் போகக்கூட அமெரிக்கா அவரை விடவில்லை. 1930 முதல் 1945 வரை ஸ்வீடன். பின்லாந்துடனான போர்களை முடிக்க 1940-லும் 1944-லும் நடந்த பேச்சுக்கு ஸ்டாக்ஹோமில் வழி திறந்தவர் அவரே.

இந்த வருஷங்களில்தான் மாஸ்கோவில் அவர் கட்டியதெல்லாம் கலைக்கப்பட்டது. பெண்கள் பிரிவை 1930-இல் மூடினார்கள். 1920-இல் சட்டபூர்வமான கருக்கலைப்பு 1936-இல் குற்றமாயிற்று. 1937-இல் ஷ்லியாப்னிகோவைச் சுட்டார்கள். 1938-இல் முன்னாள் கணவர் திபென்கோவை. தூதர் வாய் திறக்கவில்லை. அரசுக்காகப் பேச நம்பப்பட்டவர், பெண்களுக்காகவும் தோழர்களுக்காகவும் பேசும் இடத்தை இழந்திருந்தார். இதைக் கோழைத்தனம் என்று நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பெழுத எனக்கு மனமில்லை. ஆனால் இந்த மௌனத்தை விழுங்கிவிட்டுச் 'சாதனைப் பெண்' கதையாடலைக் கட்டுவது அரசு செய்த வேலையைத் தொடர்வதுதான்.

1926-இல் ஒரு ஜெர்மன் வரிசைக்காகச் சுயசரிதை எழுதினார். அச்சு மெய்ப்பு வந்ததும் பேனாவை எடுத்தார். தன் சாதனையைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடிய இடங்களை அடித்தார். கட்சியோடு முரண்பட்ட இடங்களை அடித்தார். அடித்த வரிகளோடு அந்நூல் வெளிவந்தது 1970-இல். அவர் இறந்து 18 வருஷம் கழித்து.