பிசுபிசுப்புக்கு ஓர் அளவுகோல்

உணவின் சுவையை எழுதச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அது வாயில் எப்படி இருந்தது என்று சொல்ல வரும்போதுதான் கை தயங்குகிறது. கொழகொழ, பிசுபிசு, சொதசொத, நசநச என்று வந்து நிற்பவற்றில் பாதி முகம் சுளிக்க வைக்கும் சொற்கள். இவற்றை ஒதுக்கிவிட்டு நாசூக்கான சொற்களோடு காலம் தள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கான வசதி யாருக்காவது இருந்திருந்தால், அது அமெரிக்காவின் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்து ஆய்வுக்கூடத்துக்குத்தான். அதற்குமே இந்தச் சொற்கள் இல்லாமல் வேலை ஓடவில்லை.

1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொய்ப்பல் செட்டை இயந்திரத்தில் பொருத்தி உணவை மெல்ல வைத்தார்கள். அதன் வழிவந்த, உணவின் பதத்தை அளக்கும் டெக்ஸ்ச்சரோமீட்டர் ஜெனரல் ஃபுட்ஸில் உருவானது. 1963இல் அங்கே பணியாற்றிய அலினா செஸ்னியாக் உணவின் பதத்தை வகைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் அட்டவணையில் ஒருபக்கம் கடினம், ஒட்டும் தன்மை, பசைத்தன்மை, ஈரம், கொழுப்பு என்று அறிவியலுக்கு உகந்த பெயர்கள். எதிரே, பொதுமக்கள் வாயில் புழங்கும் சொற்கள்: ஒட்டும் தன்மைக்கு நேராகப் பிசுபிசுப்பைக் குறிக்கும் ‘கூயி’, ஈரத்துக்கு நேராக ‘மாய்ஸ்ட்’, கொழுப்புக்கு நேராக ‘க்ரீஸி’. முதல் பத்தி மட்டும் போதும் என்றால் இரண்டாவது எதற்கு? இயந்திரம் காட்டும் எண் எந்த அனுபவத்தைச் சுட்டுகிறது என்று சொல்ல வேறு வழி இருக்கவில்லை. அதே ஆண்டு அந்தக் கூடத்தார் வகுத்த அளவுகோல்களும் இதைத்தான் காட்டுகின்றன. ஒட்டும் தன்மையின் உச்சத்தில் வேர்க்கடலை வெண்ணெயை வைத்தார்கள். பசைத்தன்மைக்கு நூற்றுக்கு 40 பங்கு மாவில் தொடங்கி 60 பங்கு வரை தண்ணீரில் குழைத்த பசை; நம்மூரில் சுவரொட்டி ஒட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். ருசிக்காக யாரும் விரும்பிச் சாப்பிடாத ஒன்றைத்தான் அளவுக்கு நிறுத்த வேண்டியிருந்தது.

சொல்லின் ஓசையே அருவருப்பு என்றால், வேறு ஓசையில் ஒன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிடலாமே என்பது ஒரு வாதம். ஆங்கிலத்தில் பலருக்கும் ஒவ்வாத ‘மாய்ஸ்ட்’ என்ற சொல்லை வைத்து உளவியலாளர் பால் திபோடோ 2016இல் வெளியிட்ட ஆய்வு இதை அசைத்துப் பார்த்தது. அந்தச் சொல்லை வெறுத்தவர்கள் ஓசையைக் குறை சொன்னார்கள். ஆனால் அதே ஓசையுடைய பிற சொற்கள் அவர்களை உறுத்தவில்லை. உடலின் கசிவுகளை அது நினைவூட்டுவதே வெறுப்பின் வேர் என்பது அவர் முடிவு. கேக் போன்ற உணவுச் சொற்களை அடுத்து வரும்போது அந்த வெறுப்பும் தணிந்தது. அமெரிக்க கேக் மாவுப் பொட்டலங்கள் அந்தச் சொல்லை வெட்கமில்லாமல் முகப்பிலேயே அச்சிட்டு விற்பதில் வியப்பில்லை. ஈரம் என்று மட்டும் சொன்னால் தண்ணீர் தெளித்த கேக் என்றாகிவிடும்.

அப்படியானால் அந்தப் பதமே இயல்பில் அருவருப்பானது, சொல் அதைச் சுமக்கிறது, அவ்வளவுதானே என்றும் கேட்கலாம். ஜப்பானியர் இதற்கு நல்ல மறுப்பு. நூல்நூலாய் இழுபடும் நட்டோ என்ற புளித்த சோயா, துருவிய கிழங்கு, வெண்டைக்காய் மூன்றையும் ‘நெபநெப’ என்று சொல்லிக்கொண்டே விரும்பி உண்கிறார்கள். செஸ்னியாக் குழுவின் சோதனையில் அமெரிக்கர்கள் பதத்துக்குச் சொன்ன சொற்கள் 78. 1970இல் வெளியான ஜப்பானியப் பட்டியலில் 406. எண்ணிக்கையை வைத்து மட்டும் நாக்கின் நுட்பத்தை அளந்துவிட முடியாது. ஆனாலும் வழுக்கலைத் திட்டாமல் பேசும் மொழி ஒன்று உண்டு என்பது தெளிவு. நம் சமையலறையும் இதில் அவ்வளவு பின்தங்கியதல்ல. ‘குழைந்துவிட்டது’ என்பது வெண்பொங்கலுக்குப் பாராட்டு, பிரியாணிக்கு வசை. வெல்லப்பாகில் விரலை வைத்து, பிசுபிசுக்கிறதா, கம்பி விழுகிறதா என்று பார்ப்பவருக்குப் பிசுபிசுப்பு ஒரு கட்டம். அதைச் சொல்லக் கூசினால் அடுத்த கட்டம் எப்போது என்று சொல்ல முடியாது. வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து ஈரம் போன பிறகு நறுக்கு, புளி சேர்த்து வதக்கு என்று சொல்லித் தருபவரும் முதலில் எது போக வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அதற்குக் கொழகொழப்பைத் தவிர வேறு பெயர் இல்லை.