பத்திரிகை வாங்கிய வக்கீல்

ராத்திரி டிவியைப் போட்டால் செய்தி விவாதத்தில் ஒரு வக்கீலாவது உட்கார்ந்திருக்கிறார். எங்க திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக் கழுகுக்குக் காத்திருந்த கூட்டம் மாதிரி, இப்ப அந்த நேரத்துக்குன்னே காத்திருக்கிறவர்கள் உண்டு. வக்கீல் செய்தித் தொழிலுக்கு வருவது புதுப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையில் டிவி வருவதற்கு (1975) ரொம்ப முன்னாலேயே அது நடந்திருக்கு.

1878இல் டி. முத்துசாமி ஐயர் சென்னை ஹைகோர்ட் ஜட்ஜாக நியமிக்கப்பட்டார். வெள்ளைக்காரர் பத்திரிகைகள் இந்தியருக்கு அந்தப் பதவியா என்று குதித்தன. பதில் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டுமே! திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அடித்தார்கள். அதுதான் 'தி ஹிந்து'. ஆறில் நாலு பேர் சட்ட மாணவர்கள். ஆனால் அவர்கள் வக்கீல் தொழிலுக்கே போய்விட்டார்கள். பாரத்தைச் சுமந்தவர்கள் வாத்தியார்களான ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும்தான். 1898இல் ஐயரும் விலகினார்.

எனக்கு சுவாரசியமான ஆள் அதற்கப்புறம் வருகிறார். கும்பகோணம் பக்கம் இன்னம்பூரில் 1859இல் பிறந்த கஸ்தூரிரங்க ஐயங்கார். கோயம்புத்தூரில் வக்கீல், பிறகு சென்னைக்கு வந்து, 1895லிருந்து ஹிந்துவுக்குச் சட்ட ஆலோசகர். ஆக, பத்திரிகையின் நிலைமை அவருக்குத் தெரியாததல்ல. விற்பனை 800 பிரதிக்கு இறங்கியிருந்தது. தெரிந்தே 1905 ஏப்ரலில் 75,000 ரூபாய்க்கு வாங்கினார். அப்ப வயசு 45. வேறு ஒரு கட்சிக்காரர் அந்தப் பத்திரிகையை வாங்கட்டுமான்னு யோசனை கேட்டிருந்தால், வேண்டாம்னுதான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோணுது.

வக்கீல் வந்தால் தலையங்கம் சூடாகும் என்று எதிர்பார்ப்போம். அவர் முதலில் பார்த்தது கணக்குப் புத்தகத்தை. சந்தா பாக்கி வைத்தவர்களுக்குப் பேப்பரை நிறுத்தினார். நீளமான உபதேசத்தைவிட செய்திக்கு இடம் கொடுத்தார். வாதத்திறமையைவிட இந்தக் கறார்தான் பத்திரிகையைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

அரசியலையும் விடவில்லை. 1919 மார்ச்சில் காந்தி சென்னை வந்து தங்கியது இவருக்குச் சொந்தமான பங்களாவில். நாடு முழுக்க ஹர்த்தால் நடத்தும் யோசனை காந்திக்குக் கனவு மாதிரி வந்தது அங்கேதான். அந்த பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தவர், சேலத்திலிருந்து அப்போதுதான் சென்னைக்கு வந்திருந்த இன்னொரு வக்கீல், ராஜாஜி. விருந்து கொடுப்பவர் ஐயங்கார்தான் என்றே காந்தி முதல் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

1922இல் சட்டசபைக்குள் போகலாமா என்று விசாரித்த காங்கிரஸ் கமிட்டி மூன்றுக்கு மூன்று என்று பிளந்தபோது, ராஜாஜியும் ஐயங்காரும் 'வேண்டாம்' பக்கம். அடுத்த வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி ஐயங்கார் காலமானார்.