தோட்டத்து வீடுகளில் கணிதம்: கோலசிலாங்கூர், வடசிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து

மலேசியத் தமிழ்க் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளிக்கூடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சட்டங்கள், அறிக்கைகள், ஆசிரியர்கள், தேர்ச்சி விழுக்காடுகள் ஆகியன அவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. பள்ளி முடிந்து பிள்ளை லயத்து வீட்டிற்குத் திரும்பிய பின் நிகழ்ந்த கல்வி அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. ஈண்டு நாம் கணிதம் என்னும் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தோட்டப் பெற்றோர் கணக்கறியாதவர், ஆதலின் பிள்ளைகளுக்கு வீட்டில் உதவ இயலவில்லை என்னும் பரவலான கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதே நம் வினா.

கோலசிலாங்கூர் வட்டாரம் நாட்டின் பழந்தோட்டப் பகுதிகளுள் ஒன்று. இரப்பருக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபொக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரே தமிழாக இருத்தல் கருதத்தக்கது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று மலாய்க் கூட்டு மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் விதித்தது. எழுத்தும் எளிய கணக்கும் அறிந்தால் போதும் என்பதே அப்பள்ளிகளைக் குறித்த அன்றைய எதிர்பார்ப்பாகும்.

வீட்டில் வழங்கிய கணக்கு வேறு வகையானது. கடைச்சரக்கு காத்தியிலும் தாயிலிலும் நிறுக்கப்பட்டது. 16 தாயில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குல். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியே மனனம் செய்விக்கப்பட்ட பின்னப் பெயர்களோடு இவ்வளவை இயல்பாகவே பொருந்தி நிற்கிறது. அரைக் காத்தி எட்டுத் தாயில், கால் காத்தி நான்கு, அரைக்கால் காத்தி இரண்டு, வீசம் காத்தி ஒன்று. பதினாறில் ஒன்றுக்குத் தனிப்பெயர் கொண்ட மொழியைப் பேசியவர்க்கு இந்நிறுவையில் இடர்ப்பாடு ஏதும் இல்லை. 1972ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை நிலைபெற்றபோது, இப்பின்ன அறிவு பாடநூலில் மட்டுமன்றிக் கடையிலும் பயனிழந்தது.

தோட்டத்தின் பெரிய கணக்கோ தொழிலாளியின் கைக்கு வந்ததே இல்லை. ஸ்டோரில் பாலை அளந்து, மெட்ரோலாக் கருவியால் அதன் செறிவைக் கண்டு, உலர் இரப்பர் எடையைக் கணித்துச் செக்ரோலில் எழுதியவர் கிராணி. பால் சீவியவர் விடையைக் கேட்டுக்கொண்டாரேயன்றி வழிமுறையைக் கண்டாரல்லர். விகிதமும் விழுக்காடும் நாள்தோறும் அவர் கண்முன்னரே நிகழ்ந்தன. ஆயினும் அவர் பிள்ளைக்கு அவற்றைக் கற்பிக்க இயலாமற் போனதன் காரணம் இவ்வேலைப் பிரிவினையில் உள்ளது என்பது நம் கருத்து.

மொழிச் சிக்கல் இதற்கு மேலானது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணிதம் பயின்ற பிள்ளை, புகுமுக வகுப்பைக் கடந்து இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறியது. வாய்பாடு அங்கே 'சிஃபிர்' ஆயிற்று. (சுழியத்தைக் குறிக்கும் அரபுச் சொல் மலாயில் பெருக்கல் வாய்பாட்டுக்குப் பெயரானது சுவையான செய்தி.) 2003ஆம் ஆண்டு சனவரியில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் முதலாம் ஆண்டிலும் முதற் படிவத்திலும் ஆறாம் படிவத்தின் கீழ் வகுப்பிலும் தொடங்கப்பெற்றது. 2009 சூலையில் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பெற்றது. 2011இல் முதலாம் ஆண்டில் நுழைந்த தமிழ்ப்பள்ளி மாணவர் மீண்டும் தமிழில் கணிதம் கற்றனர்.

இவ்வாண்டுகளை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். 1994இல் பிறந்த மூத்த பிள்ளை 2001இல் பள்ளியில் சேர்ந்து தமிழில் கணிதம் கற்கிறது. 1998இல் பிறந்த தம்பி ஆங்கிலத்தில் கற்கிறான். 2004இல் பிறந்த தங்கை மறுபடியும் தமிழில் கற்கிறாள். எழுத்தறிவு குறைந்த குடும்பங்களில் பெற்றோரின் இடத்தை அண்ணனோ அக்காளோ நிரப்புவது வழக்கம். இங்கு அவ்வழியும் தடைப்பட்டது. மூத்தவன் அறிந்த 'பின்னம்', 'வகுஎண்', 'மீதி' என்னும் சொற்களைத் தம்பியின் நூலில் காண இயலாது.

தாயின் நிலை இன்னும் நுட்பமானது. 45இலிருந்து 28ஐக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். சில்லறை எண்ணிப் பழகியவர், இருபத்தெட்டுடன் இரண்டு சேர்த்தால் முப்பது, மேலும் பதினைந்து சேர்த்தால் நாற்பத்தைந்து, ஆகவே பதினேழு என்று மனத்திலேயே முடிப்பார். பள்ளி வேண்டுவதோ ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கடன் வாங்கும் முறை. விடை ஒன்றேயாயினும் தாயின் வழி பிள்ளையின் ஏட்டில் ஏறாது. 'ஆசிரியை இப்படிச் சொல்லித் தரவில்லை அம்மா' என்னும் மறுமொழிக்குப் பின் தாய் ஒதுங்கிக்கொள்ள நேரும். இது தோட்டத்திற்கே உரிய குறையன்று. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற ஐந்து சிறாரைக் கொண்டு நடத்தப்பட்டு 1985இல் வெளிவந்த ஆய்வில், விற்பனையின்போது அவர்கள் தந்த விடைகளில் 98 விழுக்காடு சரியாக இருந்தன. அதே செயல்களைப் பள்ளிக் கணக்காக எழுதச் சொன்னபோது சரியானவை 37 விழுக்காடே.

இவ்விடைவெளியை வெளியார் வகுப்புகள் ஓரளவு நிரப்பின. 1982இல் மு. தம்பிராசா நிறுவிய ஸ்ரீ முருகன் நிலையம் அவற்றுள் முதன்மையானது. எனினும் தேர்வை நோக்கிய வகுப்பு, வீட்டிலிருந்த கணக்கறிவைத் தேடிச் செல்லும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் மலிவு விலை வீடுகளுக்குச் சென்றனர். தோட்டமே இல்லாத இடத்திலும் பள்ளிப் பெயரில் 'தோட்டம்' நீடிப்பதை இன்றும் காண்கிறோம். 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தில் சில தமிழ்ப்பள்ளிகள் சேர்ந்தபோது எழுந்த வாதம் பெரும்பாலும் மொழியுரிமையைப் பற்றியதாக இருந்தது. அது வேண்டிய வாதமே. ஆயின் மாலையில் அக்கணித ஏட்டை வீட்டில் எவர் படித்துச் சொல்வார் என்னும் வினா அதில் உரிய இடம் பெறவில்லை. காத்தியும் தாயிலும் கொண்டு கணக்கிட்ட தலைமுறையினர் சிலர் இன்னும் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பகுதிகளில் வாழ்கின்றனர். அவர்தம் மனக்கணக்கு முறைகளைக் கேட்டுப் பதிவு செய்யும் பணியைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் நம் துறை மாணவரும் சேர்ந்தே மேற்கொள்ளலாம். ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் சில மாலைப் பொழுதுகளும் அதற்குப் போதும்.