பத்து விழுக்காடு செம்பனை

புது பிக்கப்பைக் கிள்ளான் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அப்பா விலையைக் கேட்கவில்லை. "ரன்னிங்-இன் எத்தன கிலோமீட்டர் சொன்னான்?" என்றுதான் கேட்டார். ஆயிரம் என்றேன். "அதுவரைக்கும் நானும் கூட வரேன்" என்றார். முப்பது வருடம் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர் அவர். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவன். எங்கள் இருவரில் யாருக்கு எஞ்சின் தெரியும் என்பது வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

என் கைப்பேசியில் ஒரு பட்டியல் இருந்தது. சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் உயர்த்துவது, பெரிய டயர், ஸ்னோர்க்கல், கடைசியாக ஈசியூ ரீமேப். எரிபொருள் அளவையும் டர்போ அழுத்தத்தையும் கணினியில் கூட்டி எழுதினால் இழுவிசை ஏறும். கூடவே சூடும் ஏறும். அப்பாவுக்கு எதிலுமே உடன்பாடில்லை. "மொதல்ல எஞ்சின் பழகட்டும்டா. பழகாத மாட்டுக்கு எதுக்குச் சலங்கை?"

பழகுவது என்ற சொல் சரியானதுதான். புது எஞ்சினின் சிலிண்டர் சுவரில் மிக நுண்ணிய கீறல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருப்பார்கள். பிஸ்டன் வளையங்கள் அந்தக் கீறல்களின் முனைகளைத் தேய்த்துத் தேய்த்துத் தமக்கான இடத்தைப் பிடிக்க வேண்டும். எரிந்து விரியும் வாயுவின் அழுத்தம்தான் வளையத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அதனால் புது வண்டியை விரட்டவும் கூடாது, சும்மா நிறுத்தி உறுமவிடவும் கூடாது. சுமையே இல்லாமல் ஓடினால் சுவர் மெருகேறி வழவழப்பாகிவிடும். பிறகு வளையம் படியாது, எஞ்சின் எண்ணெய் குடிக்கும். கொஞ்சம் சுமை வேண்டும், வேகம் மாறி மாறி இருக்க வேண்டும். நான் மூன்றாம் ஆண்டில் படித்த இந்தப் பாடத்தை அப்பா ஒரே வரியில் முடித்தார்: "அமுக்கவும் செய்யாத, தடவிக்கிட்டும் இருக்காத."

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் நாலைந்து மூட்டை மண்ணை ஏற்றிக்கொண்டு காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர் வழியாகப் பெஸ்தாரி ஜெயா வரை போய் வந்தோம். அப்பாவுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அவர் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம். அதே வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டமும் இருக்கிறது. சொல்லிப் பார்த்தால் நம் தென்னைமரம் காதில் விழும். ஆனால் வரலாற்றில் அதற்கு இடம் தந்தது வேறு மரம். 1917ல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930ல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அதில் தோட்டத்துத் தமிழர்களும் வருகிறார்கள்.

அந்தச் செம்பனை இப்போது என் டீசல் தொட்டிக்குள் இருக்கிறது. 2019ல் நடைமுறைக்கு வந்த பி10 டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். இது புது யோசனையும் அல்ல. ருடால்ஃப் டீசல் 1893ல் காப்புரிமை பெற்றார், 1897ல் ஆக்ஸ்பர்க் நகரில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். 1900ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெய் ஒருநாள் பெட்ரோலியத்துக்கு நிகராக முக்கியமாகலாம் என்று 1912ல் டீசலே சொன்னார். அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து காணாமல் போனார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தென்னமரத்தில் கன்று நட்டார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு டீசல் இரண்டு பக்கமிருந்து வந்தது. அம்மா வழித் தாத்தா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர். நீராவி எஞ்சினில் ஃபயர்மேன். 1957ல் சுதந்திரத்தோடு சேர்ந்தாற்போல் இங்லிஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் டீசல் எஞ்சின்கள் நெடும்பாதையில் ஓட வந்தன. டீசல் எஞ்சினில் கொதிகலன் இல்லை. அதைக் காக்கும் ஆளுக்கும் வேலை இல்லை. தாத்தா வேறு பிரிவுக்கு மாறி, கடைசிவரை டீசலை "அந்தச் சனியன்" என்றே சொன்னாராம்.

அப்பா வழித் தாத்தா பால்மரம் சீவியவர். ரப்பர் விலை சரிந்து, தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது உளியை வைத்துவிட்டு நீளக் கம்பில் கட்டிய அரிவாளை எடுத்தார். ஒரு குலை இருபது கிலோவைத் தாண்டுவதும் உண்டு. வெட்டிய பழத்தை ஒருநாளைக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். பாட்டி குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கினார். டீசல் ஒரு தாத்தாவின் வேலையை எடுத்தது. இன்னொரு தாத்தா வெட்டிய பழத்தின் எண்ணெய் இன்று டீசலில் கலந்து வருகிறது.

பால்மரத்தைப் பற்றி நம்மிடம் எவ்வளவோ கதைகள், கவிதைகள் இருக்கின்றன. செம்பனைக்கு அந்த அளவு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பால்வாளியில் ஒரு விடியற்காலை இருந்தது, பனி இருந்தது. செம்பனையில் முள்ளும் உச்சிவெயிலும்தான். அதோடு செம்பனை வந்த காலத்தில்தான் பலர் தோட்டத்தைவிட்டு வெளியேறவும் தொடங்கினார்கள். விட்டு வந்த இடத்தை அழகாக எழுதலாம். நம்மை விரட்டிய மரத்தை எப்படி எழுதுவது? ஃபோகோனியேவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அவர் முதலாளி. பரிசு அவருக்கு, குலை நமக்கு என்று விட்டுவிட்டோமோ?

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. அன்று வீட்டில் எல்லாரும் விலையைப் பேசினோம். எண்ணெயில் நம் பங்கு என்ன என்று யாரும் பேசவில்லை.

ஆயிரமாவது கிலோமீட்டர் பெஸ்தாரி ஜெயாவுக்குச் சற்று முன்னால் வந்தது. அப்பா வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். லயம் இருந்த இடத்தைக் காட்டினார். அங்கே வரிசையாகப் புது வீடுகள். குலை லோரியிலிருந்து விழுந்த உதிரிப் பழம் ஒன்று சாலையோரம் கிடந்தது. எடுத்து நசுக்கினார். விரலெல்லாம் ஆரஞ்சு நிற எண்ணெய்.

"இதத்தான் ஊத்துறியா?"

"பத்து விழுக்காடுப்பா."

ஒன்றும் சொல்லாமல் விரலை என் புது பெயிண்டில் துடைத்தார்.

பட்டியலிலிருந்து இதுவரை எதையும் செய்யவில்லை. வண்டியை உயர்த்த ஜேபிஜே அனுமதி வேண்டும், ரீமேப்புக்குப் பொறுமை வேண்டும். பட்டியலிலேயே இல்லாத ஒன்றை மட்டும் மாட்டினேன்: நீரைப் பிரிக்கும் கூடுதல் ஃபில்டர். பயோடீசல் ஈரத்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். அப்பா மறுக்காத ஒரே மாற்றம் அதுதான். சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கங்கள் காலியாக இருந்தன. அப்பா வழியில் சொல்லும் தோட்டத்துப் பெயர்களை, யார் எந்த லயம், யார் எப்போது வெளியேறினார்கள் என்பதை, கிலோமீட்டர் எண்ணோடு அதில் குறித்து வருகிறேன். இப்போது 4,200.